இரண்டாம் ஓட்டம்

நாலு ஜிபி. பதினோரு நிமிஷம்.
செக்கானூரணி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மாடியில்,
என் கடையின் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து
பின்னியக்காள் சொன்னார்:
"குவைத்துக்குப் போகணும்.
அவரு கேம்ப்புல நெட்டு சொட்டுச் சொட்டாத்தான் வரும்.
சின்னதாக்கணும். ஆனா தெளிவு குறையக் கூடாது."

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
மெலியவும் வேண்டும், இளைத்தது தெரியவும் கூடாது.

புஞ்சையில் போர் போட்ட வீடியோ.
டிராக்டர் மூக்கில் போனைச் சாய்த்துவைத்து
மகன் எடுத்தது.
ரிக் வண்டி, ஒரு வேம்பு,
ஓரத்தில் வேடிக்கை பார்க்கும் பத்திருபது பேர்.
வெகுநேரம் புழுதி.
பிறகு சேறு.
பிறகு, எழுநூற்று இருபதாவது அடியில், திடீரென
ஆளுயரம் தாண்டி ஒரு வெள்ளை.

கோடெக்குக்குக் கஞ்சப் புத்தி.
ஒரு படத்தை முழுதாக எழுதிக்கொள்ளும்,
அடுத்தடுத்த படங்களில்
மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும்.
வானம் மாறவில்லையா, செலவில்லை.
வேம்பின் தூர் மாறவில்லையா, செலவில்லை.
கைகட்டி நிற்பவர்களுக்குக்
காலணாகூடக் கிடையாது.
ஆனால் தண்ணீர்,
நொடிக்கு முப்பது தடவை வேறு தண்ணீர்.
கொடுத்த பிட்டையெல்லாம் குடித்துவிட்டு
இன்னும் கேட்கிறது.
சமமாகப் பங்கு வைத்தால்
அந்த வெள்ளை, தாயக்கட்டம்போல் உடைகிறது.
இந்தப் பக்கம் அது என்றைக்கும் அப்படித்தான்.

"புழுதிய வெட்டிருவமாக்கா?
அதுவும் நெறையத் தின்னுது."

"வெட்டிறாதீங்க.
அறுநூறு அடி வரைக்கும் வெறும் புழுதி.
வட்டிக்கு வாங்குன காசு
பொகையாப் போறதப் பாத்துக்கிட்டு நின்னோம்.
அது தெரியாம தண்ணிய மட்டும் பாத்தா
அவருக்கு என்ன விளங்கும்?"

வெட்டவில்லை.
அகலத்தை நாலில் ஒன்றாக்கினேன்.
ஒலியை ஒற்றைத் தடமாக்கினேன்,
ரிக் இரைச்சலுக்கு ரெண்டு காது எதற்கு.
தர எண் இருபத்து மூன்றில் எல்லாம் தெளிவு, கோப்பு பூதம்.
முப்பதில் தண்ணீர் மோராகிவிட்டது.
நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது.
கடைசியில் ரெண்டு ஓட்டம் விட்டேன்:
முதல் ஓட்டத்தில் படமாக எதையும் எழுதாது,
எங்கே கஷ்டம், எங்கே சும்மா என்று
முடிவுவரை பார்த்துக் குறித்து வரும்.
அடுத்த ஓட்டத்தில்தான் கையைத் திறக்கும்.

"நமக்கும் அப்படி ஒண்ணு இருந்தா
முன்னாடி போட்ட ரெண்டு போருக்கும்
காசு மிஞ்சியிருக்கும்," என்றார்.
"ரெண்டுலயும் காத்துதான் வந்துச்சு."

அறுபத்தொரு எம்பி.
அனுப்பினோம். ஒரு டிக்.
டீ வந்து, குடித்து,
டம்ளர் காய்ந்த பிறகு இன்னொரு டிக்.

பதில் குரலாக வந்தது.
தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"வேம்புல ஒரு கால மடக்கிச் சாஞ்சு நிக்கிறானே,
காசிமாயனா அது?"

நிறுத்திப் பார்த்தேன்.
முகம் இல்லை.
கட்டைவிரல் நகமளவு பழுப்புக் கறை,
அதன்மேல் துண்டுபோல ஒரு வெள்ளை.
கடைசிவரை அசையாததால்
கோடெக் அந்த ஆளுக்கு ஏறக்குறைய
ஒன்றும் செலவழிக்கவில்லை.
நின்ற விதம் மட்டும் அப்படியே இருந்தது.

நாலு ஜிபியைத் திறந்து பெரிதாக்கினேன்.
பின்னியக்காள் எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார்.
"கொழுந்தன். வரப்புத் தகராறு.
ஏழு வருசமாச்சு பேசி."
கொஞ்ச நேரம் கழித்து,
"அன்னிக்கு நான் பாக்கலயே."

போனை வாயருகே வைத்து
"ஆமா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.
அது உடனே போய்ச் சேர்ந்தது.

இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
பெரிய கோப்பை அழித்துவிடலாமா என்று
வழக்கமாகக் கேட்பேன்.
கேட்கவில்லை.